குளிர்ந்த இன்ஜினைத் தொட்டு விலை கேளுங்கள்

பழைய புல்லட் ஒன்றைப் பார்க்கக் கிளம்புகிறீர்களா? கிளம்புவதற்கு முன் போனில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள்: "நான் வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணிடாதீங்க." போய் இறங்கியதும் பெயிண்ட்டைப் பார்க்க வேண்டாம், குரோமைப் பார்க்க வேண்டாம். நேராகப் போய் உள்ளங்கையை சிலிண்டர்மேல் வையுங்கள். சில்லென்று இருந்தால் விற்கிறவர் உங்களிடம் எதையும் மறைக்க நினைக்கவில்லை என்று அர்த்தம். சூடாக இருந்தால், பக்கத்துக் கடையில் டீ குடித்து, பேப்பர் படித்து, அது ஆறிய பிறகு வரலாம். தூங்கிக்கிடந்த இன்ஜின் எப்படி எழுந்திருக்கிறது என்பதில்தான் அந்த வண்டியின் விலையில் பாதி இருக்கிறது.

காஸ்ட் அயர்ன் இன்ஜின் வைத்த பழைய 350 புல்லட்டைப் போல வாங்குகிறவருக்கு இத்தனை நேர்மையாக நடந்துகொள்ளும் இயந்திரத்தை நான் பார்த்ததே இல்லை. என்ன கேட்டாலும் பதில் சொல்லும். காதால் கேட்டால் காதுக்கு, காலால் கேட்டால் காலுக்கு, கையால் கேட்டால் கைக்கு. கம்ப்யூட்டர் வேண்டாம், சர்வீஸ் சென்டர் வேண்டாம். கேட்கத் தெரிந்தால் போதும். நியாய விலை என்ன என்பதை வண்டியே சொல்லிவிடும். இந்தத் தேடலைப் போலச் சந்தோஷமான வேலை உலகத்தில் இன்னொன்று இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

ஏன் புல்லட்? புல்லட் என்ற பெயர் 1932-ல் இங்கிலாந்தில் பிறந்தது. ரெட்டிச் என்ற ஊரில் ராயல் என்பீல்டு ஆலை. 1950களில் நம் ராணுவம் எல்லைக் காவலுக்காக 800 வண்டிகள் கேட்டது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் கைகோத்து, என்பீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. ஆரம்பத்தில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகமும் இங்கேயே தயாராகிவிட்டது. அந்தப் பக்கம் இங்கிலாந்தில் தாய்க் கம்பெனியே மூடிப்போனது. இந்தப் பக்கம் திருவொற்றியூரில் உலை அணையவில்லை. 1977-ல் அதே வண்டியைச் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். நினைத்தாலே எனக்குப் பெருமை தாங்கவில்லை!

விலைக்கும் இந்த வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம் என்றால், எல்லாச் சம்பந்தமும் இருக்கிறது. 1955-ல் வந்த அந்த வடிவம், அந்த இன்ஜின் - 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சி.சி. - சின்னச் சின்ன மாற்றங்களோடு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. புது யு.சி.இ. இன்ஜின் வந்து 2010 வாக்கில்தான் காஸ்ட் அயர்ன் விடைபெற்றது. அதனால் 1970-ல் வாங்கிய வண்டிக்கும் இன்று சென்னைப் புதுப்பேட்டையில் பாகம் கிடைக்கிறது. எந்த வேலைக்கு எத்தனை ரூபாய் ஆகும் என்பது ஊருக்கு ஊர் எல்லா புல்லட் மெக்கானிக்குக்கும் மனப்பாடம். ரிப்பேர் செலவு தெரிந்த வண்டிக்குத்தான் நியாய விலை கணக்குப் போட முடியும். வேறு எத்தனையோ பழைய வண்டிகள் அழகானவைதான். ஆனால் ஒரு கேஸ்கெட்டுக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டிய வண்டிக்கு எந்த விலை நியாயம் என்று யாரால் சொல்ல முடியும்?

எங்கள் ஊர் திருச்சியில் புல்லட் வேலை மட்டுமே பார்க்கும் ஒரு பாய் இருக்கிறார். சின்னக் கடை, வாசல் பூராவும் எண்ணெய்க் கறை. விலையைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடம் அவரிடம்தான். "தம்பி, கேக்குற விலைய விசாரிக்காதீங்க. கைமாறின விலைய விசாரிங்க" என்றார். எத்தனை பெரிய வார்த்தை! விளம்பரத்தில் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று போட்டிருப்பார்கள். அந்த விலைக்கு அந்த வண்டி போகிறதா என்பது வேறு கதை. பெயர் மாற்றிக் கொடுத்த பிறகு வாங்கினவர் முதலில் போய் நிற்கிற இடம் மெக்கானிக் கடை. நிஜமாக எவ்வளவுக்குக் கைமாறியது என்று அங்கேதான் தெரியும். மூன்று நான்கு கடைகளில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் போதும். அந்த வட்டாரத்தில் நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு என்ன விலை என்ற அடிக்கணக்கு கைக்கு வந்துவிடும்.

தேட ஆரம்பித்த புதிதில் பழைய வண்டி விற்கும் ஒரு கன்சல்டிங்கில் ஒரு வண்டி காட்டினார்கள். கண்ணாடி மாதிரி பளபளப்பு. டேங்க்கில் பெரிய எழுத்தில் ராயல் என்பீல்டு. ஆர்.சி.யில் 1981. எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. எண்பதுகளில் திருவொற்றியூரிலிருந்து வந்த வண்டியில் வெறும் 'என்பீல்டு' என்றுதான் இருக்கும். 1990-ல் ஐஷர் நிறுவனம் உள்ளே வந்து, கம்பெனி ஐஷரோடு இணைந்த பிறகுதான் 'ராயல்' என்ற அடைமொழி டேங்க்கில் ஏறியது. அப்படியானால் இந்த டேங்க் வேறு வண்டியுடையது, அல்லது இதை மறுபடி பெயிண்ட் அடித்தவருக்கு வண்டியைத் தெரியாது. பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துவது எத்தனை பெரிய வரமோ அதே அளவுக்கு அதில் இந்த ஆபத்தும் இருக்கிறது: ஒரு வண்டியின் பிரேம், இன்னொன்றின் இன்ஜின், மூன்றாவதன் டேங்க். அதனால் ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு இன்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எண்ணின்மேல் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் பொறித்த எழுத்து அப்படியே தாளில் ஏறும். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்கின்றனவா, அந்த இடம் கிரைண்டர் போட்டுத் தேய்த்தது போலத் தெரிகிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் பேரமே வேண்டாம். அந்த வண்டிக்கு எந்த விலையும் நியாய விலை ஆகாது.

டேங்க்கைப் பற்றிப் பேசும்போது அந்தத் தங்கக் கோட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புல்லட் டேங்க்கின் ஓரத்தில் ஓடும் மெல்லிய தங்க நிறக் கோட்டைச் சென்னை ஆலையில் கையால்தான் வரைந்தார்கள். நீள முடி வைத்த தூரிகை, ஒரே மூச்சில் இழுப்பு. உற்றுப் பார்த்தால் வளைவில் ஒரு நூலளவு அகலம் கூடிக் குறையும். ஸ்டிக்கர் ஒட்டிய கோடு எல்லா இடத்திலும் ஒரே அகலம். பழைய வண்டியில் நிறம் மங்கி, ஓரத்தில் துரு எட்டிப் பார்த்து, அந்தக் கைக்கோடு மட்டும் இன்னும் மிச்சமிருந்தால், ஐயோ, அதை மறுபடி பெயிண்ட் அடிக்காமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பளபளக்கும் வண்டியைவிட, துருப்பிடித்தாலும் தன் சொந்த உடம்போடு நிற்கும் வண்டிக்கே நான் கூடுதல் விலை கொடுப்பேன். பெயிண்ட்டை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். ஒரிஜினலை எங்கே போய் வாங்குவது?

நான் வாங்கியது கீரனூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், ஓய்வுபெற்ற ஒரு தலைமை ஆசிரியரின் வண்டி. 1984 மாடல், கறுப்பு. மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். மூன்று ஆங்கில எழுத்தும் நான்கு எண்ணுமாகப் பழைய காலத்து நம்பர் பிளேட். 1989-க்கு முன்னால் பதிவான வண்டிகளில் மட்டுமே பார்க்கக் கிடைப்பது. சாக்கை விலக்கியதும் ஹெட்லைட்டுக்கு மேலே இரு பக்கமும் இருக்கும் அந்த இரண்டு குட்டி டைகர் லாம்ப்கள் என்னைப் பார்த்தன. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியிலேயே மனசு போய்விட்டது. ஆனால் கை முதலில் சிலிண்டருக்குத்தான் போனது. சில்லென்று இருந்தது.

"ஐயா, நானே ஸ்டார்ட் பண்ணட்டுமா?"

"பண்ணுங்க தம்பி. ஆனா முறையா பண்ணணும். இது முரட்டுத்தனத்துக்கு மசியாது."

முறை என்று அவர் சொன்னது ஒரு பூசை மாதிரி. சாவியைத் திருப்பி, கிக்கரைக் காலால் மெல்ல மெல்ல இறக்க வேண்டும். ஆம்ப் மீட்டரின் முள் மைனஸ் பக்கம் சாய்ந்து, பாயிண்ட் திறக்கும் இடத்தில் நடுவுக்குத் திரும்பும். அங்கே நிறுத்தி, இடது கைப் பக்கம் உள்ள டிகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து, பிஸ்டனை உச்சியிலிருந்து ஒரு துளி மட்டும் தாண்டவிட வேண்டும். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதி. பாதத்தின் அடியில் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பதை உடம்பால் உணர்கிற அனுபவத்தை எந்த செல்ப் ஸ்டார்ட்டும் தந்துவிட முடியாது!

மிதிப்பதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. சாவியை அணைத்துவிட்டு, டிகம்ப்ரஷரைத் தொடாமல், கிக்கர்மேல் முழு எடையோடு ஏறி நில்லுங்கள். கம்ப்ரஷன் இருக்கிற இன்ஜின் உங்களைச் சில நொடி அப்படியே தாங்கும். பிறகுதான் மெல்ல இறக்கும். ஏறினதும் பொசுக்கென்று கால் தரைக்குப் போனால் வால்வோ ரிங்கோ போய்விட்டது. விலையில் இன்ஜின் வேலைக்கான பணத்தைக் கழிக்க வேண்டியதுதான். வாத்தியார் வண்டி என்னைத் தாங்கியது. நின்றபடியே, கூட வந்திருந்த பாயைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பேரத்துக்குப் போகும் இடத்தில் அவர் எப்போதும் அப்படித்தான்.

இரண்டாவது மிதியில் எழுந்தது. ஒரிஜினல் சைலன்சர், ஊரைக் கூட்டும் சத்தம் இல்லை. ஆழமான, நிதானமான, ஒவ்வொரு அடிக்கும் நடுவில் மூச்சுவிட இடம் கொடுக்கும் துடிப்பு. அடுப்படியிலிருந்து வாத்தியாரின் மனைவி எட்டிப் பார்த்து, "எந்திரிச்சிருச்சா?" என்று கேட்டார். முதல் அரை நிமிஷம் நீலப் புகை வந்தது. பயப்பட வேண்டாம். புல்லட்டில் ஆயில் தொட்டி இன்ஜின் கேஸுக்குள்ளேயே இருக்கிறது. நாள்கணக்கில் நின்றால் ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் இருக்கும் அறைக்கு இறங்கிவிடும். அது எரிந்து தீர்ந்தால் புகை நிற்க வேண்டும். நின்றது. சூடேறிய பிறகும் நீலப் புகை விடாமல் வந்தால் ரிங்கும் வால்வு கைடும் தேய்ந்திருக்கின்றன. போர் வேலைக்குப் பணம் எடுத்து வையுங்கள்.

அப்புறம் காது. இது நான் உயிராய் நேசிக்கும் பகுதி. பாய் ஒரு நீள ஸ்குரூடிரைவரின் நுனியை இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். எனக்கும் கொடுத்தார். இன்ஜினுக்குள் இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேசுவது கேட்கிறது! மேலே டிக் டிக் என்று மெல்லிய சத்தம், அது டேப்பட். பத்து நிமிஷத்தில் சரிசெய்யும் வேலை, விலையைத் தொட வேண்டாம். சிலிண்டர் பக்கத்தில் குளிரில் மட்டும் கேட்டு, சூடேறினால் குறையும் தட்டல், அது பிஸ்டன்; வண்டியின் வயதுக்கு அது சகஜம். ஆனால் கீழே, கிராங்க் கேஸில், ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது கனமாக டொக் டொக் என்று அடித்தால் அது கனெக்டிங் ராடின் பெரிய முனை. இன்ஜினை முழுக்கப் பிரிக்காமல் அங்கே கை வைக்க முடியாது. அந்த ஒரு சத்தத்துக்கே பாய் பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் கழிப்பார். வாத்தியார் வண்டியின் அடிவயிறு அமைதியாக இருந்தது. ஸ்குரூடிரைவரைக் காதிலிருந்து எடுக்கவே மனம் வரவில்லை.

ஐடிலிங் பற்றி ஒரு வார்த்தை. வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு, விழுந்துவிடுமோ என்கிற அளவுக்கு மெதுவாக டுக்... டுக்... என்று ஓடவிட்டு வீடியோ எடுக்கிற ஆசை இப்போது நிறையப் பேருக்கு. டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளி அதற்காகவே செட் பண்ணி விற்கிறார்கள். இன்ஜின் அத்தனை மெதுவாகச் சுற்றினால் ஆயில் பம்பும் அத்தனை மெதுவாகத்தான் சுற்றும். உள்ளே எண்ணெய் போதாமல் உலோகம் தேயும். அப்படி ஓடவிட்டு மயக்கும் வண்டியைக் கண்டால் நான் அடுத்த வண்டிக்குப் போய்விடுவேன்.

பிறகு ஓட்டிப் பார்த்தேன். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. கியருக்குப் பின்னால் இன்னொரு குட்டி லீவர் இருக்கும். இரண்டு, மூன்று, நான்கு எந்தக் கியரில் இருந்தாலும் குதிகாலால் அதை அழுத்தினால் நேரே நியூட்ரல். எவ்வளவு கருணையான கண்டுபிடிப்பு! அது வேலை செய்கிறதா என்று அவசியம் பாருங்கள். பல வண்டிகளில் கழற்றி எறிந்திருப்பார்கள். வாத்தியார் வண்டியில் பட்டென்று விழுந்தது. கைப்பிடியிலிருந்து கையைச் சற்றே தளர்த்தினால் வண்டி ஒரு பக்கமும் இழுக்கவில்லை, பிரேம் நேர். முன் ஃபோர்க்கில் ஆயில் கசிந்தது. கிளட்ச் வழுக்கியது. டயர் இரண்டும் வெடித்துக் காய்ந்திருந்தன. வயரிங் எலி கடித்து, டேப் சுற்றிக் கிடந்தது.

காகிதங்களுக்கு வருவோம். இதற்கு முன்னால் பார்த்த ஒரு அருமையான வண்டியை நான் விட்டுவந்ததற்குக் காரணம் ஆர்.சி. தான். இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தது. பேரன் விற்கிறேன் என்றார். உரிமையாளர் இறந்திருந்தால் முதலில் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகுதான் 29-ம் 30-ம் போட்டு நம் பெயருக்கு. அத்தனை வாரிசுகளும் கையெழுத்துப் போடுவார்களா என்பது வண்டியின் கையில் இல்லை. வெளிமாநில வண்டி என்றால் அங்கே படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்கியாக வேண்டும். ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டி என்றால் ஏலக் காகிதத்திலிருந்து பதிவுவரை சங்கிலி அறுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அதற்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். இருபது வயதைத் தாண்டிய இருசக்கர வாகனத்துக்கு 2025-ல் அந்தக் கட்டணம் 2,000 ரூபாய் ஆகிவிட்டது. பசுமை வரி தனி. ஐம்பது வயதைத் தாண்டி, ஒரிஜினலாக இருந்தால் 'விண்டேஜ்' என்றே பதிந்துகொள்ளலாம், வி.ஏ. வரிசையில் தனி எண் கிடைக்கும். ஆனால் அதை அன்றாடம் ஓட்ட அனுமதி கிடையாது. ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு அது தோதுப்படாது.

வாத்தியார் வண்டி அவர் பெயரிலேயே, முதல் உரிமையாளராக. ஒரு பழைய ரெக்ஸின் பையில் வாங்கிய அன்றைய பில், எல்லா வருஷத்து இன்சூரன்ஸ் காகிதம், புதுப்பிப்பு ரசீதுகள் என்று வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். பதிவு மட்டும் சில மாதம் முன்னால் முடிந்திருந்தது.

"என்ன விலை ஐயா எதிர்பார்க்கிறீங்க?"

"ஒண்ணு இருபது."

நான் மறுவிலை சொல்லவில்லை. பழைய வண்டி வாங்குவதில் இந்த இடத்தைத்தான் எல்லோருக்கும் சொல்லித்தர ஆசைப்படுகிறேன். "எம்பதுக்குத் தருவீங்களா" என்று கேட்பதில் இரண்டு பேருக்கும் மரியாதை இல்லை. பாய் விசாரித்து வைத்திருந்த கணக்குப்படி நல்ல நிலையில் உள்ள அந்த வருஷத்து வண்டி ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குக் கைமாறுவது உண்மைதான். கேள்வி, இது அந்த நிலைக்கு வர எத்தனை ஆகும் என்பது மட்டுமே. பாய் ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் எழுதினார்: டயர் டியூப் 6,500, செயின் செட் 2,500, கிளட்ச் பிளேட் 2,000, ஃபோர்க் சீல் 1,000, வயரிங் 3,500, பதிவுக் கட்டணம் 2,000. மொத்தம் 17,500. அட்டையை வாத்தியாரிடமே கொடுத்துவிட்டோம்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிறவர் மாதிரி ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். வயரிங்கில் மட்டும் நிறுத்தி, "மூவாயிரத்து ஐந்நூறா?" என்றார். பாய் அவரை வண்டிக்கு அழைத்துப்போய், டேங்க்குக்கு அடியில் எலி கடித்த இடத்தைக் காட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"கணக்குச் சரியா இருக்கு தம்பி. ஒரு லட்சத்து ரெண்டாயிரத்து ஐந்நூறு வருது. ஐந்நூறு எதுக்கு, ரெண்டாயிரமா கொடுங்க."

நான் கேட்காத தள்ளுபடி! கூடவே உள்ளே போய் ஒரு துணி மூட்டையை எடுத்துவந்தார். திருவொற்றியூரிலிருந்து வண்டியோடு வந்த ஸ்பேனர்கள், ஒரு ஸ்பேர் பாயிண்ட் செட், அட்டை கிழிந்த ஓனர்ஸ் மேனுவல். அந்த மூட்டைக்கு அவர் விலை கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

படிவங்களில் அவர் கையெழுத்துப் போட்டார். வண்டியை மினி லாரியில் ஏற்றித் திருச்சிக்குக் கொண்டுபோய், பாய் கடையில் வேலை முடித்து, ஆர்.டி.ஓ. ஆபீஸில் சேசிஸ் எண்ணின் பென்சில் நகல் ஒட்டிப் பதிவைப் புதுப்பித்து, பெயரும் மாற்றியாயிற்று. செலவு பாய் எழுதியதைவிட முந்நூறு ரூபாய்தான் கூட. செயின் செட்டில் கொஞ்சம் நல்லதாகப் போடச் சொன்னேன். அறுபது கிலோமீட்டர் வேகத்தில், நான்காவது கியரில், புதுக்கோட்டைச் சாலையில் அது போகிற போக்கு இருக்கிறதே! அவசரமே இல்லாத இழுவை. மேட்டிலும் கியர் குறைக்க வேண்டியதில்லை. ஒரு நாள் பாயும் பின்னால் உட்கார்ந்து வந்தார், நார்த்தாமலை தாண்டியதும் தோளைத் தட்டி, "தம்பி, என் மச்சானுக்கும் ஒண்ணு பாக்கணும். காரைக்குடியில ஒரு எழுபத்தெட்டு மாடல் இருக்காம்" என்றார். வரும் ஞாயிறு காலையில் போகிறோம். ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று போனில் சொல்லியாகிவிட்டது.